பக்கத்து வீட்டு அக்காவை ஏன் கொட்டகையில் உட்கார வைத்தார்கள்?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார். மகனுக்கு 12 வயது, மகளுக்கு 10. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் வயதுக்கு வந்தது. வாசலில் கீற்றுக் கொட்டகை போட்டு உட்கார வைத்தார்கள். "அக்காவுக்கு என்னம்மா ஆச்சு, ஏன் வெளியில உக்காந்திருக்கு?" என்று என் மகள் கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. "பெருசானா உனக்கே தெரியும், போ" என்று விரட்டிவிட்டேன். மகன் விஷயம் வேறு. கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்ததும் தன் போர்வையைத் தானே அலசிக் காயப்போடுகிறான். போனை எடுத்துப் பார்த்தால் பார்க்கக் கூடாத வீடியோ ஒன்று இருந்தது. அடிக்கக் கை ஓங்கிவிட்டு இறக்கிக்கொண்டேன். இதையெல்லாம் பிள்ளைகளிடம் பேசலாமா? நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? மாமியார் காதில் விழுந்தால் வீடு இரண்டாகிவிடும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

ஓங்கிய கையை இறக்கினீர்கள் அல்லவா, பாதிக் காரியம் அங்கேயே முடிந்துவிட்டது. அடி விழுந்திருந்தால் உங்கள் மகன் இனி எதையும் உங்களிடம் கொண்டு வரமாட்டான். போனுக்கு மட்டும் புதிதாக ஒரு பூட்டுப் போட்டிருப்பான்.

உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது எனக்கு ஒரு கை உப்புதான் நினைவுக்கு வந்தது. மன்னார்குடியில் நான் குழந்தைகள் நல மருத்துவராக இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சில வருடங்களுக்கு முன் 11 வயதுப் பெண் ஒருத்தியை அவள் அம்மா கூட்டி வந்தார். "ரெண்டு நாளா சரியா சாப்பிடல டாக்டர், வாயத் தொறந்து பேசவும் மாட்டேங்குது." அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நர்ஸை மட்டும் கூட வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் கழித்து, மூடியே வைத்திருந்த கையைப் பிரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் கல் உப்பு, வியர்வையில் பாதி கரைந்திருந்தது. வாய்க்காலில் குளித்துவிட்டு வந்த அன்று உள்ளாடையில் ரத்தம் பார்த்திருக்கிறாள். அட்டை ஏறிவிட்டது என்று நினைத்துவிட்டாள். நடவுக்குப் போகிறவர்கள் காலில் ஏறிய அட்டைக்கு உப்புப் போடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, வேறு என்ன நினைக்கும்? இரண்டு நாள் ராத்திரி தூங்காமல், உப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா அழுதார், சிரித்தார், உடனே போனை எடுத்துத் தன் தம்பிக்குச் சொன்னார். மூன்று வாரத்தில் எனக்கே பத்திரிகை வந்தது. மண்டபம், மாமன் சீர் நூற்றியொரு தட்டு, மேளம், கடைத்தெரு முக்கில் ஆளுயரத்துக்கு ஃப்ளெக்ஸ். அந்தப் பேனரைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பஸ்ஸில் போகிறவனுக்குக்கூட விஷயத்தைச் சொல்லிவிட்டோம். சொல்ல வேண்டிய நாளில், சொல்ல வேண்டிய ஒருத்தியிடம் மட்டும் யாருமே சொல்லவில்லை.

அதனால் "பேசலாமா" என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: நம் ஊரில் இதைப் பற்றி எல்லோரும் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், பிள்ளையை விட்டுவிட்டு.

"சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா" என்று பயப்படுகிறீர்கள். என்னிடம் வருகிற பெற்றோரில் பாதிப் பேருக்கு இந்தப் பயம் உண்டு. இதை உலக அளவில் ஆராய்ந்துவிட்டார்கள். பாலியல் கல்வி குறித்து யுனெஸ்கோ 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொல்கிறது: ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள் அதனால் உடலுறவைச் சீக்கிரம் தொடங்கிவிடுவதில்லை. அதோடு, கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் நினைப்பதே தப்பு. பசு கத்தினால் சினை ஊசி போட ஓட்டிக்கொண்டு போகிற வீட்டில் வளர்கிறார்கள். ஆடு குட்டி போடுவதை வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். பாதி தெரியும். மீதியைத் தோழனும் போனும் சொல்லிவிடும், அது கோணலாக இருக்கும்.

பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. வளரிளம் பருவத்தைப் பற்றிய பாடம் எட்டாம் வகுப்பு அறிவியலில் வருகிறது. பெண் பிள்ளைகளில் பலர் ஆறாவது, ஏழாவதிலேயே பெரியவர்களாகிவிடுகிறார்கள். பாடம் வரும்போது பரீட்சை முடிந்திருக்கும்.

சரி, மகளிடமிருந்து ஆரம்பிப்போம். கேட்ட கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது. பழைய கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இருப்பதிலேயே சுலபமான ஆரம்பம். எதிரே உட்கார வைத்து, கதவைச் சாத்தி, "அம்மா உன்கிட்ட ஒரு முக்கியமான விஷயம் பேசணும்" என்று தொடங்காதீர்கள். பிள்ளை பயந்துவிடும், உங்களுக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கைக்கு வேலையும் கண்ணுக்கு வேறு இடமும் இருந்தால் வாய் தானாக வரும். முருங்கைக்கீரை உருவும்போது பேசுங்கள். தலை பின்னும்போது பேசுங்கள், முகமே பார்க்க வேண்டியதில்லை. இப்படிச் சொல்லலாம்:

"அன்னைக்கு அந்த அக்காவப் பத்திக் கேட்டல்ல, நான் போன்னு சொல்லிட்டேன். எப்படிச் சொல்றதுன்னு எனக்கே அப்பத் தெரியல. அந்த அக்காவுக்கு நோயெல்லாம் ஒண்ணுமில்ல. பொம்பளைங்க வயித்துக்குள்ள கர்ப்பப்பைன்னு ஒண்ணு இருக்கு. நீயும் அதுக்குள்ளதான் இருந்த. பெரிசாகுற வயசுல அதுலேருந்து மாசாமாசம் கொஞ்சம் ரத்தம் வரும், நாலஞ்சு நாள்ல நின்னுடும். எனக்கும் வருது. உனக்கும் ஒருநாள் வரும். வந்தா பயப்படாத, எங்க இருந்தாலும் என்கிட்ட சொல்லு. பள்ளிக்கூடத்துல இருந்தா டீச்சர்கிட்ட சொல்லு."

அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட ஆகாது. "எனக்கும் வருது" என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிடாதீர்கள், பயத்தைப் போக்குவது அதுதான். ஏன் ரத்தம் வருகிறது என்று கேட்டால், என்னிடம் வந்த ஒரு நடவுக்காரப் பெண் தன் மகளுக்குச் சொன்னதைச் சொல்கிறேன். "நாத்து விடுறதுக்குச் சேறடிச்சு வயலத் தயார் பண்றோம்ல, கர்ப்பப்பை அந்த மாதிரி மாசாமாசம் உள்ளுக்குள்ள தயாராகும். அந்த மாசம் புள்ள உண்டாகலன்னா மடையத் தொறந்து வடிய விட்டுட்டு, மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கும்." இத்தனை வருஷமாகப் படம் போட்டு நான் விளக்கியதைவிட இது நன்றாக இருந்தது. ஒன்றை மட்டும் நான் சேர்த்துக்கொள்வேன்: வடிவது அழுக்கு ரத்தமும் இல்லை, கெட்ட ரத்தமும் இல்லை. ஒரு தடவைக்கு மொத்தமே சராசரியாக 30 முதல் 40 மில்லி, இரண்டு மூன்று மேசைக்கரண்டி. பார்வைக்குத்தான் நிறையத் தெரியும்.

"குழந்தை எப்படி உள்ள போகும்?" என்று கேட்பாள். 10 வயதுக்கு, "அப்பாவோட உடம்புல விந்தணு, அம்மாவோட உடம்புல முட்டை, ரெண்டும் சேர்ந்தாதான் குழந்தை. பெரியவங்களானப்புறம், ரெண்டு பேருக்கும் சம்மதம் இருந்தாதான் அது" என்பது போதும். மேலே கேட்டால் மேலே சொல்லுங்கள். கேட்காவிட்டால் கீரையை உருவுங்கள். தெரியாத கேள்வி வந்தால், "தெரியலம்மா, டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, நிஜமாகவே கேட்டுச் சொல்லுங்கள்.

எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது. பெண் பிள்ளைகளுக்கு 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் மாற்றம் தொடங்கும். முதலில் மார்பில் ஒரு சின்னக் கட்டி மாதிரி தெரியும், வலிக்கும், பெரும்பாலும் ஒரு பக்கம் முந்திக்கொள்ளும். அதைப் புற்றுநோய்க் கட்டி என்று பயந்து ஓடிவந்த அம்மாக்கள் எத்தனையோ பேர். அது தெரிந்ததிலிருந்து சுமார் இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிலக்கு வரும். அதற்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்னாலிருந்தே வெள்ளைப்படும். வாடையோ அரிப்போ இல்லாவிட்டால் அது இயல்பு. "உடம்பு உருகுது" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆக, உங்கள் மகளுக்கு இப்போது சொல்வது சீக்கிரமே இல்லை.

இங்கே ஒரு சிக்கல், வார்த்தை. நம் மொழியில் இந்த உறுப்புகளுக்கு மூன்று வகைப் பெயர் இருக்கிறது. ஒன்று கெட்ட வார்த்தை, ஒன்று பாடப்புத்தகம், ஒன்று குழந்தையைக் குளிப்பாட்டும்போது சொல்கிற கொஞ்சல். நடுவில் பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்ல ஒன்றுமே இல்லை. நான் பாடப்புத்தக வார்த்தையைத்தான் சொல்லச் சொல்வேன்: ஆணுறுப்பு, பெண்ணுறுப்பு, விதைப்பை, கர்ப்பப்பை. முதல் தடவை சொல்லும்போது கூச்சமாக இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு நாலு தடவை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், அப்புறம் அதுவும் கை, கால் மாதிரி ஆகிவிடும். நாளைக்கு ஒருவன் தப்பாகத் தொட்டால், பிள்ளை எந்த இடம் என்று சொல்ல அவளிடம் ஒரு வார்த்தை இருக்க வேண்டும். "அங்க" என்பது எங்கேயும் ஆகலாம்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவரோடு எதில் மோதுவது, எதில் விட்டுக்கொடுப்பது என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை, இவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. நல்ல சாப்பாடு, சந்தோஷமாகக் கொடுக்கட்டும், முட்டையை மட்டும் வேகவைத்துக் கொடுத்தால் போதும். மஞ்சள் நீராட்டு வேண்டுமா என்பதை உங்கள் மகளிடம் அப்போது கேளுங்கள். அவள் ஆசைப்பட்டால் வீட்டோடு செய்யுங்கள், வேண்டாம் என்றால் பேனர் போட்டு அவள் வகுப்புப் பையன்கள் கண்ணில் படும்படி நிறுத்தாதீர்கள்.

ஆனால் வெளியே கொட்டகையில் படுக்க வைப்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சிறுமி, வயதுக்கு வந்ததற்காக வீட்டை விட்டுத் தள்ளித் தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்தாள். தென்னை மரம் குடிசை மேல் விழுந்து இறந்துபோனாள். மாமியாரிடம் விஞ்ஞானம் பேச வேண்டாம், இதைச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை கிழவிகள் நாம் நினைப்பது போலக் கல் இல்லை. ஒருநாள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது, "நீங்க ஆளானப்ப எப்படி அத்தை இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பழந்துணி, சாம்பல், மாட்டுக்கொட்டகை என்று அவர் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் குறுக்கே பேச வேண்டாம். அப்பாயி சொல்வதைப் பேத்தி பக்கத்தில் இருந்து கேட்டால் இன்னும் நல்லது.

இப்போது மகன். போர்வை விஷயம் முழுக்க இயல்பானது. பையன்களுக்கு 9 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையில் பருவம் தொடங்கும். முதலில் விதைப்பை பெரிதாகும். முடி, உயரம், குரல் உடைவது எல்லாம் பின்னால் வரும். இடையில் தூக்கத்திலேயே விந்து வெளியேறும். பெண்ணுக்காவது சடங்கு, சீர் என்று ஏதோ ஒன்று நடக்கிறது. பையனுக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவன் விடிவதற்குள் எழுந்து போர்வையை அலசுகிறான், தனக்கு மட்டும் ஏதோ வியாதி என்று நினைத்துக்கொள்கிறான். அந்தப் பயத்தை வைத்துத்தான் லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர்கள் காசு பண்ணுகிறார்கள். ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தத்துக்குச் சமம் என்று பயமுறுத்துவார்கள், அத்தனையும் பொய். விந்து போவதால்தான் உடம்பு இளைக்கிறது என்று நம்பி வருந்துகிற நிலைக்கு மனநல மருத்துவர் என்.என். விக் 1960-லேயே விந்தைக் குறிக்கிற 'தாது' என்ற சொல்லை வைத்தே ஒரு பெயர் கொடுத்தார். வியாதி விந்தில் இல்லை, பயத்தில்தான் இருக்கிறது. சுயஇன்பமும் அப்படியே. கண் குழிவதில்லை, நரம்பு தளர்வதில்லை. தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியம் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

நீங்கள் சொல்ல வேண்டியது சின்னதுதான். துணி மடிக்கும்போது, அவனைப் பார்க்காமல்: "போர்வைய நீயே அலசிப் போடுறது நல்லதுதாண்டா. இந்த வயசுல தூக்கத்துல அப்படி ஆகும், நெறையப் பசங்களுக்கு ஆகும். ஒளிக்க வேண்டியதில்ல." சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள். பதில் எதிர்பார்க்காதீர்கள். 12 வயதுப் பையனின் பதில் மூன்று நாள் கழித்து வேறு ஏதோ கேள்வியாக வரும். ஆற்றில் குதிக்கச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தால், மார்பில் லேசாகக் கட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். பையன்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இந்த வயதில் வரும், ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். கேலிக்குப் பயந்தே ஆற்றுப் பக்கம் போகாத பையன்கள் உண்டு.

வீடியோவைப் பற்றி விசாரணை வேண்டாம், "யார் காட்டினது?" என்று மட்டும் ஒரு தடவை கேளுங்கள். கூடப் படிக்கிறவன் என்றால் விடுங்கள். பெரிய ஆள் யாராவது காட்டியிருந்தால் அது வேறு விஷயம், குழந்தைக்கு இப்படிப்பட்ட படத்தைக் காட்டுவதே போக்சோ சட்டத்தில் குற்றம். அப்புறம் அவனிடம் சொல்லுங்கள்: "சினிமாவுல ஒருத்தன் பத்துப் பேர அடிக்கிறான்ல, அது எவ்வளவு நெசமோ அவ்வளவுதான் இதுவும். காசுக்கு நடிக்கிறாங்க. அதப் பாத்துட்டுப் பொண்ணுங்க இப்படித்தான்னு நெனச்சுடாத." ராத்திரி போன் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். உங்கள் போனும்தான், இல்லாவிட்டால் நியாயம் பேசுவான்.

அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார் என்பதால் அவர் தப்பித்துக்கொள்ள முடியாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மார்க்கும் ஃபீஸும் கேட்பவர், ஒரு தடவை, "எனக்கும் ஒன் வயசுல அப்படித்தாண்டா இருந்துச்சு, யாருமே சொல்லல" என்று சொல்லட்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும். பையன் அதைப் பத்துத் தடவை கேட்பான். உங்கள் தம்பியோ அண்ணனோ பக்கத்தில் இருந்தால் அவரையும் இழுங்கள். மருமகளுக்குத் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டு வருகிற தாய்மாமன், மருமகனை வண்டியில் பின்னால் உட்கார வைத்து ஆற்றங்கரை வரை ஒரு சுற்றுப் போய் நாலு வார்த்தை பேசக் கூடாதா?

இன்னொன்று, இரண்டு பேருக்கும் சேர்த்து. உன் உடம்பை உன் சம்மதம் இல்லாமல் யாரும் தொடக் கூடாது. மருத்துவர் பார்ப்பதானால்கூட அம்மா கூட இருப்பாள். யாராவது "இத அம்மாகிட்ட சொல்லாத" என்று சொன்னால், அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது ஏதோ தெரியாதவன் மிட்டாய் கொடுப்பான் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் தெரிந்தவர்கள்தான், வீட்டுக்கு வந்து போகிறவர்கள்தான். அத்தை, மாமா, வாத்தியார், யாராக இருந்தாலும் இதுதான் என்று சொல்லுங்கள். பையனுக்கும் இது நடக்கும் என்பதை நம் பெற்றோர்கள் மறந்துவிடுகிறார்கள். அப்படி ஏதாவது தெரிய வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது.

என்னிடமோ உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ எப்போது வர வேண்டும் என்றால், பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்போ பையனுக்கு 9 வயதுக்கு முன்போ மாற்றம் தொடங்கினால் வாருங்கள். 13 வயதாகியும் மார்பு வளராவிட்டாலும், 15 ஆகியும் மாதவிலக்கு வராவிட்டாலும், பையனுக்கு 14 ஆகியும் ஒரு மாற்றமும் இல்லாவிட்டாலும் வாருங்கள். முதல் ஒன்றிரண்டு வருடம் தேதி தள்ளித் தள்ளி, 45 நாள் வரைகூடப் போகும், அதற்குப் பயம் வேண்டாம். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தாலோ காத்திருக்காதீர்கள். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை இருவரும் விழுங்குகிறார்களா என்று பாருங்கள், ஜன்னல் வழியாக எறிவதுதான் வழக்கம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற எச்.பி.வி. தடுப்பூசிக்கும் 9 முதல் 14 வயதுதான் சரியான வயது. மகளை அழைத்து வரும்போது கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, இந்த வாரமே. ஒரு சின்னத் துணிப்பையில் நாலு பேட், ஒரு மாற்று உள்ளாடை, பழைய செய்தித்தாள் கொஞ்சம். மருந்துக்கடையில் கறுப்பு கவரில் சுற்றித் தந்தால், வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று வாங்குங்கள், மகள் பார்க்கட்டும். அரசு தருகிற 'புது யுகம்' நாப்கின் கிடைத்தால் அதுவும் சரிதான், 10 வயதிலிருந்து தருகிறார்கள். பேடை எப்படி ஒட்டுவது, நாலு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் எப்படி மாற்றுவது, தாளில் சுருட்டிக் குப்பையில் எப்படிப் போடுவது என்று ஒரு பேடைப் பிரித்துச் செய்து காட்டுங்கள். பையை அலமாரியில் வைத்துவிட்டு, அது எங்கே இருக்கிறது, எதற்கு என்று மகனையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். நீங்கள் வயலில் இருக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால், எடுத்துக்கொண்டு ஓடப் போகிறவன் அவன்தான்.